வெண்மையெல்லாம் பனியா?

மார்கழி, தை மாதங்களில் உதகைப் பக்கம் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். அந்த வெள்ளைப் பொருளை விரலால் தொட்டால் கரைந்து நீராகிறது. ஆகவே அது உறைந்த நீர்தான் என்று ஐயமின்றிச் சொல்கிறோம்.

வியாழனின் துணைக்கோள்களை அப்படித் தொட்டுப் பார்க்க இயலாது. பூமிக்கு மிக நெருங்கி வரும்போதும் அவை சுமார் 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. அங்கே பனி இருப்பதை எப்படி அறிந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை கூறாமலே நம் தமிழ் அறிவியல் கட்டுரைகள் பலவும் நழுவிவிடுகின்றன என்பதுதான் என் குறை. பனி மூடியிருக்கிறது, அதனால் பளபளக்கிறது என்ற பொருளில் ஒரு வரி வரும். அடுத்த பத்தியில் சனிக்கோளுக்குப் போய்விடுவார்கள்!

பளபளப்பு சான்றாகாது. அயோ என்னும் துணைக்கோள் ஏறக்குறைய யூரோப்பாவைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அயோவின் மேல் உள்ள வெண்மை நீர் அன்று, எரிமலைகள் கக்கிய கந்தக டை ஆக்சைடு உறைந்தது. இது 1979-ல் தெரியவந்தது. மாறாக, காலிஸ்டோ கறுத்துக் கிடக்கிறது. அதிலோ உறைந்த நீர் உண்டு.

உண்மையான சான்று நிறமாலையில் இருக்கிறது. சூரிய ஒளி பனியில் பட்டுத் திரும்பும்போது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் சில அலைநீளங்களைப் பனி விழுங்கிவிடும். உறைந்த நீர் விழுங்குவது 1.5, 2.0 மைக்ரான் அருகே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிறமாலையை வரைந்து பார்த்தால் அந்த இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும். 1972-ல் பில்ச்சர், ரிட்ஜ்வே, மக்கார்ட் ஆகிய மூவரும் யூரோப்பாவிலும் கானிமீடிலும் இந்தப் பள்ளங்களைக் கண்டனர். உறைந்த மீதேன் விழுங்கும் அலைநீளங்கள் வேறு. அவற்றைக் கொண்டு 1976-ல் புளூட்டோவில் மீதேன் இருப்பதை அறிந்தார்கள்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, உதகையில் உறைவதும் பனி, இமயத்தில் பொழிவதும் பனி. வெறுமனே 'பனி' என்று எழுதினால் புளூட்டோவிலும் தண்ணீர்தான் உறைந்திருக்கிறது என்று மாணவர் எண்ணுவார். உறைந்த நீர், உறைந்த மீதேன், உறைந்த நைட்ரஜன் என்று எழுதினால் என்ன? மை அதிகம் செலவாகாது.

உதகையை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளத்தில் மலைச்சரிவில் நிற்கும் வானொலித் தொலைநோக்கியைக் காணும் மாணவர், "இவ்வளவு பெரியதில் அந்தப் பனி தெரியாதா?" என்று கேட்பது இயல்பே. தெரியாது. அது ஏற்கும் அலையின் நீளம் சுமார் 92 செண்டிமீட்டர். பனியைக் காட்டும் அலையைப் போல ஆறு லட்சம் மடங்கு! சந்திரன் தொலைதூர வானொலி மூலங்களை மறைக்கும் கணத்தை ஆராய்வதே அது 1970-ல் அமைந்தபோது முதன்மை நோக்கம். எந்தக் கருவி எதைக் காணும் என்று நம் கட்டுரைகள் பிரித்துச் சொல்வதில்லை.

மறைப்பு முறை ஒளியிலும் பயன்பட்டது. 1972 ஜூன் 7 அன்று கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலும் ஜாவாவிலும் கவனித்தனர். விண்மீனின் ஒளி மங்கிய விதத்திலிருந்து கானிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்ற முடிவு 1973-ல் வெளியானது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைப் பாடுவோர் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1979-ல் வாயேஜர்-1 அதே மறைப்பு முறையைப் புற ஊதா ஒளியில் கையாண்டபோது, காற்று இருந்தாலும் முன்பு கணித்ததில் பல ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது எனத் தெரிந்தது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிக மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது. வியாழனின் காந்தப்புலத்தில் சுழலும் மின்னூட்டத் துகள்கள் மோதி, தரையிலுள்ள உறைந்த நீர் சிதைவதால் பிறக்கும் ஆக்சிஜன் அது.