கடல் கடந்த நகை: அமெரிக்க அரசியல் அங்கதத் தொலைக்காட்சியும் பினாங்குப் பார்வையாளரும்

முன்னுரை

ஆள்வோரை எள்ளி நகைப்பது எல்லா நாட்டு மக்களிடத்தும் காணப்படும் வழக்கமாகும். ஆயின், தமக்கு வாக்குரிமை இல்லாத நாட்டின் ஆட்சியாளரைப் பார்த்து, அந்நாட்டு மக்களோடு சேர்ந்து நகைப்பது தொலைக்காட்சியும் இணையமும் வளர்த்த புதிய துய்ப்பு முறை எனலாம். நியூயார்க்கில் இரவு 11 மணிக்கு ஒளிபரப்பாகும் ஒரு நிகழ்ச்சியின் நேரம் பினாங்கில் மறுநாள் முற்பகல் 11 மணி. அங்குக் குளிர்காலமாயின் நண்பகல் 12 மணி. அவர்கள் நாளை முடிக்கும்போது சிரிக்கும் சிரிப்பை நாம் வேலை நாளின் நடுவில் பெற்றுக்கொள்கிறோம்.

ஜார்ஜ்டவுனில் வாழும் நாம் 'தி டெய்லி ஷோ' என்னும் நிகழ்ச்சியை முதலில் அறிந்தது சி.என்.என். பன்னாட்டு அலைவரிசையின் வழியாகும். 2002ஆம் ஆண்டு முதல் அவ்வலைவரிசை அந்நிகழ்ச்சியின் வாரத் தொகுப்பினை உலகப் பதிப்பு என்ற பெயரில் ஒளிபரப்பி வந்தது. பின்னர் இணையம் அவ்வேலையை ஏற்றது. ஆயர் ஈத்தாமில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாங்கள் சிலர் கூடி இதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், நண்பரின் தாயார் தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்று பார்த்தார். "யாரு வீட்டுச் சண்டைக்குய்யா நீங்க இப்படிச் சிரிக்கிறீங்க?" என்று வினவினார். அன்று எங்களிடம் விடை இல்லை. அவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

நகை தோன்றும் இடம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இவற்றை விளக்கப் புகுந்த உரையாசிரியர்கள், நகை தன்னிடத்துத் தோன்றுவதும் பிறரிடத்துத் தோன்றுவதும் உண்டு எனக் கண்டனர். எள்ளல் என்பது பிறரைத் தான் எள்ளுவது மட்டுமன்று. தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலும் அதனுள் அடங்கும். இப்பாகுபாடு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் பொருந்துவதாகும்.

ஜான் ஸ்டூவர்ட் 1999ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை அந்நிகழ்ச்சியை நடத்தியபோது, அரங்கில் இருந்தோர் தாம் தேர்ந்தெடுத்த ஆட்சியைப் பார்த்தே நகைத்தனர். அந்த அதிபருக்கு வாக்களித்தவர்களும் வாக்களிக்கத் தவறியவர்களும் அவர்களிடையே இருந்திருப்பர். எனவே அவர்தம் நகை தன்னிடத்துத் தோன்றிய நகையாகும். அதில் ஒரு நாணமும் கலந்திருந்தது. அதே நகைச்சொல் பினாங்கை அடையும்போது அதன் இயல்பு மாறிவிடுகிறது. நாம் எள்ளப்படவில்லை, எள்ளப்படுபவர் நம் அதிபரும் அல்லர். சொல் மாறவில்லை, நடிப்பு மாறவில்லை. கடலைக் கடந்த அளவில் தன்னிடத்துத் தோன்றிய நகை பிறரிடத்துத் தோன்றிய நகையாகிவிடுகிறது. அயல்நாட்டுப் பார்வையாளரின் இன்பத்தையும் அதன் குறையையும் இவ்வொரு மாற்றத்தினின்றே நாம் விளக்கிக்கொள்ளலாம்.

இது நமக்கு முற்றிலும் புதிய அனுபவமும் அன்று. மலேசியத் தமிழர் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டு அரசியலைப் பார்த்து நகைத்து வந்தவர்களே. சோ இராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் நாடகமாகவும் 1971இல் திரைப்படமாகவும் வந்தது. மணிவண்ணன் இயக்கிய 'அமைதிப்படை' 1994இல் வெளிவந்தது. அவற்றில் எள்ளப்பட்ட கட்சித் தாவலும் பதவி ஆசையும் எவருடையவை என்பதை விளக்கவேண்டிய தேவை இங்கிருந்தோர்க்கு ஏற்படவில்லை. அந்த அரசியலிலும் நமக்கு வாக்கு இல்லை. ஆயினும் மொழியும் உறவும் அந்நகையை ஓரளவு நம்முடையதாக்கின. அமெரிக்க நகைக்கும் நமக்கும் இடையே அத்தகைய பாலமும் இல்லை.

அயலார்க்கு விளங்கும் அங்கதம்

பாலம் இல்லாதவிடத்தும் அது நமக்கு விளங்குவது எங்ஙனம்? இந்நிகழ்ச்சிகளின் ஆக்கமுறையே இதற்குக் காரணம் என்பது நம் கருத்து. ஓர் அரசியல்வாதி இன்று கூறியதை ஒரு துண்டாகவும், அவரே சில ஆண்டுகளுக்கு முன் கூறியதை மற்றொரு துண்டாகவும் அடுத்தடுத்துக் காட்டுவது ஸ்டூவர்ட்டின் முதன்மையான உத்தி. இரண்டிற்கும் இடையே அவர் பெரும்பாலும் ஏதும் சொல்வதில்லை. முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்புவார். முரண்பாட்டைக் காண்பதற்கு அந்த அரசியல்வாதியின் பெயரை அறிந்திருக்க வேண்டுவதில்லை. சொல் மாறுவோரைப் பினாங்கு மக்களும் அறிவர்.

மேலும், இந்நகை நமக்கு ஒரு பாடமாகவும் அமைந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடு முழுவதும் கூடுதல் வாக்குகள் பெற்ற அல் கோர் தோற்றதும், புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகள் மிகுதியாகக் கணக்கிடப்பட்ட ஜார்ஜ் புஷ் அதிபரானதும் எவ்வாறு என்பதை நம்மில் பலர் அங்கதத்தின் வழியாகவே புரிந்துகொண்டோம். 538 தேர்வாளர் வாக்குகளுள் 270 பெற்றவரே அதிபர் என்னும் விதியைப் பாடநூல் கற்பித்ததைவிட நகை ஆழமாகக் கற்பித்தது.

இந்நிகழ்ச்சிகளை நடத்தியோருள் அயலார் பலர் இருந்ததும் ஈண்டு நோக்கத்தக்கது. ஸ்டூவர்ட்டுக்குப் பின் 2015 முதல் 2022 வரை நடத்திய டிரெவர் நோவா தென்னாப்பிரிக்கர். 2014இல் 'லாஸ்ட் வீக் டுநைட்' நிகழ்ச்சியைத் தொடங்கிய ஜான் ஆலிவர் இங்கிலாந்தில் பிறந்தவர். அயலார் ஒரு நாட்டை விளக்கும்போது எதையும் அறிந்ததாகக் கொள்ளாமல் தொடக்கத்திலிருந்து விளக்குவர். அதனால் மற்ற அயலார்க்கும் அது விளங்குகிறது. ஆயின், ஆலிவர் 2019ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார் என்பதனையும் சேர்த்தே எண்ணவேண்டும். பிறரிடத்துத் தோன்றிய நகையாகத் தொடங்கியதைத் தன்னிடத்துத் தோன்றும் நகையாக அவர் மாற்றிக்கொண்டார். அப்படியொரு வழி பார்வையாளராகிய நமக்கு இல்லை.

சி.என்.என். பன்னாட்டு அலைவரிசையின் உலகப் பதிப்பு தொடங்கும்போது, இது செய்தியன்று, நையாண்டி என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை இடம்பெற்றது. அவ்வெச்சரிக்கையும் நகைச்சுவையாகவே அமைந்திருந்தது. ஆயினும் அதன் உள்ளே ஓர் உண்மை உண்டு. உள்ளூர்ப் பார்வையாளர் அன்றைய செய்தியை முன்னரே அறிந்து, அதன்மேல் நகைக்கிறார். நாமோ பலமுறை நகைத்த பின்னரே செய்தியை அறிகிறோம். சில வேளைகளில் அறியாமலேயே விட்டுவிடுகிறோம். அரங்கினர் சிரித்தமையால் நாமும் சிரித்த இடங்கள் இல்லையென்று கூறின் அது பொய்யாகும். அவ்விடங்களில் எள்ளல் அவர்களுடையது, பேதைமை நம்முடையது.

புகழ்வது போலப் பழித்தல்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இருவகையாகப் பகுக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்துக் கூறுவது பின்னது. பின்னதற்குச் சங்க இலக்கியத்தில் நாம் அறிந்த சிறந்த சான்று, அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைப் பாராட்டிய நிகழ்ச்சியாகும். நெய் பூசி மாலை சூட்டிப் புதுமை குன்றாமல் இருக்கும் தொண்டைமானின் வேல்களைப் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போர் கண்ட படை எது, காணாத படை எது என்பதை அவையில் இருந்தோர் உணர்ந்திருப்பர்.

2006 ஏப்ரல் 29ஆம் நாள் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் விருந்தில் ஸ்டீபன் கோல்பேர் செய்ததும் இதுவே. 'தி கோல்பேர் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில் அவர் ஏற்றிருந்த வேடம், அதிபரைக் கண்மூடிப் போற்றும் ஒரு பழைமைவாதியின் வேடம். அவ்வேடத்திலேயே நின்று, சில அடி தொலைவில் அமர்ந்திருந்த அதிபர் புஷ்ஷை அவர் புகழ்ந்தார். அரங்கில் சிரிப்பு குறைவாகவே எழுந்தது. பின்னர்ப் பதிவைக் கண்டவர்களோ பெரிதும் சிரித்தனர். இவ்வேறுபாடு எண்ணத்தக்கது. எள்ளப்படுபவர் அருகில் இருக்கும்போது நகைப்பது கடினம். தொலைவில் இருக்கும்போது எளிது. ஔவையாரும் கோல்பேரும் அருகில் நின்று பேசினர். நாமோ ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் தொலைவில் அமர்ந்து சிரித்தோம்.

அமெரிக்காவிலும் இந்நகைக்கு விலை உண்டு என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. கோல்பேர் நடத்திவந்த இரவு நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடிவுறும் என்று 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பொருளியற் காரணமே என்று நிறுவனம் கூறியது. அரசியல் காரணம் உண்டென ஐயுற்றோரும் பலர். அதே ஆண்டு செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சி சில நாள்கள் நிறுத்தி வைக்கப்பட்டுப் பின் மீண்டது.

பினாங்கின் சொந்த நகை

இனி நம் ஊரை நோக்குவோம். பினாங்கிற்கு நகைமரபு இல்லையோ எனின், உண்டு. முகரம் மாதத்தில் குழு குழுவாகச் சென்று ஆடிப் பாடிய போரியா, இத்தீவிற்கே உரிய கலையாகும். தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரரும் கலந்து உருவான ஜாவி பெரானாக்கான் சமூகம் அதன் வளர்ச்சியில் பெரும் பங்காற்றியது. முதலில் ஒரு சிறு நகைச்சுவை நாடகம், அதன்பின் 'துக்காங் காராங்' எனப்படும் பாவலர் அடிகளைப் பாட, குழுவினர் பின்பாட்டைத் திரும்பப் பாடுதல் என்பது அதன் அமைப்பு. அவ்வடிகளில் ஊரார் குறைகளும் பெரிய மனிதர்களின் போலித்தனமும் எள்ளப்பட்டன. எள்ளியவரும் எள்ளப்பட்டவரும் ஒரே தெருவினர். அது முழுமையாகத் தன்னிடத்துத் தோன்றிய நகையாகும்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் கூறவேண்டும். கேலிச்சித்திரக்காரர் சூனார் மீது, நீதிமன்றத் தீர்ப்பொன்றைக் கண்டித்த பதிவுகளுக்காக, 2015ஆம் ஆண்டு 1948ஆம் ஆண்டின் நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவை 2018 ஜூலையில் மீட்டுக்கொள்ளப்பட்டன. இடைப்பட்ட காலத்தில், 2016 நவம்பரில், ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவின்போது கொம்தாரில் அவருடைய சித்திரக் கண்காட்சி நடைபெற்றது. ஒரு கூட்டத்தினர் உள்ளே புகுந்து அதனைக் குலைத்தனர். மறுநாள் காவல்துறை தடுத்து வைத்தது அக்கூட்டத்தினரையன்று, சித்திரம் வரைந்தவரையே. அதே ஆண்டு அப்போதைய பிரதமரின் முகத்தைக் கோமாளி முகமாக வரைந்த பாமி ரேசாவுக்கு 2018இல் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் தண்டமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் சிறை நீங்கித் தண்டம் குறைந்தது.

கொம்தார் நம் இல்லங்களிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவுதான். அந்த நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு குறித்த அங்கத நிகழ்ச்சிகளை நாங்கள் தவறாமல் பார்த்தோம். அவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம். கொம்தார் கண்காட்சிக்கு எங்களுள் ஒருவரும் செல்லவில்லை. அச்சம் என்று அப்போது நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை, நேரமில்லை என்றோம்.

முடிவுரை

அயல்நாட்டு அங்கதத்தைத் துய்ப்பது குற்றமன்று. அதனை ஒதுக்குக என்பதும் நம் கருத்தன்று. ஆள்வோரைப் பெயர் சொல்லி எள்ளலாம், எள்ளியபின் மறுநாளும் எள்ளலாம் என்பதை நம்மில் ஒரு தலைமுறை அதில்தான் கண்ணாரக் கண்டது. அதனை அறிந்தவர்க்கே கொம்தாரில் இழந்தது எது என்பதும் விளங்கும். ஆயினும் பிறரிடத்துத் தோன்றிய நகை அங்கேயே நின்றுவிடின், 'அவர்கள் மூடர்' என்னும் தற்பெருமையாகவே அது முடியும். ஸ்டூவர்ட்டின் அரங்கினர் சிரித்தது 'நாம் மூடர்' என்று. இரண்டும் ஒன்றல்ல.

நாம் இறக்குமதி செய்யத்தக்கது அந்நகையின் முறையே: முன்சொல்லையும் பின்சொல்லையும் அருகருகே வைத்தல். அதற்கு இங்குப் பொருட்பஞ்சம் இல்லை. 2018 மே 9ஆம் நாள் மக்கள் வாக்களித்து அமைத்த ஆட்சி 2020 பிப்ரவரியில் தேர்தலின்றியே கவிழ்ந்தது. அவ்விரு நாள்களுக்கும் இடையில் பேசப்பட்டவற்றைத் தேடி எடுக்க நியூயார்க் வரை செல்லவேண்டுவதில்லை.

ஆயர் ஈத்தாம் அம்மையாரின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். அது பிறர் வீட்டுச் சண்டையே. அதனால்தான் அத்துணை உரக்கச் சிரித்தோம். நம் வீட்டுச் சண்டைக்குச் சிரிக்கப் பழகும் நாளில் அச்சிரிப்பு இவ்வளவு உரக்க இராது. ஆனால் அது நம்முடையதாக இருக்கும்.