அரிசியும் பிணையும்

எமது சிறுகதைகளை வாசிக்கும்போது ஒரு சொல் அடிக்கடி என்னைத் தடுத்து நிறுத்துகிறது. 'என்றாலும்' என்பதே அச்சொல். தவிக்கும் முஸ்லிம் குடும்பத்துக்குத் தோணி கொண்டு வருபவர் தமிழர் என்றாலும் நல்லவர். கலவர இரவில் கதவைத் திறந்துவிடும் முதலாளி சிங்களவர் என்றாலும் இரக்கமுள்ளவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இன ஒற்றுமையை வலியுறுத்தி எழுதப்பட்ட கதைகளிலும் இந்தச் சொல்லையோ இதன் சாயலையோ கண்டிருக்கிறேன். எழுதியவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும் எம்மவர் கொடுத்தால் இயல்பு, பிறர் கொடுத்தால் அதிசயம் என்ற கணக்கு கதை தொடங்கும் முன்னரே முடிந்துவிட்டது என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எம்மவர் கொடுக்கும் கதைகளில் பெறுபவரும் பெரும்பாலும் எம்மவரே.

தமிழிலக்கிய மரபு கொடையை இவ்வாறு மட்டும் பார்க்கவில்லை. பாரி தேரைக் கொடுத்தது முல்லைக்கொடிக்கு. பேகன் போர்வையைக் கொடுத்தது மயிலுக்கு. கீழக்கரை வணிகரான சீதக்காதி, படிக்காசுப் புலவர் போன்ற பிற சமயப் புலவர்களையும் ஆதரித்ததனாலேயே இறந்த பின்னும் கொடுத்தவர் என்று தமிழர் அனைவரின் வாயிலும் வாழ்கிறார். ஆயினும் முல்லையும் மயிலும் கொடுப்பவனிடம் வேறெதையும் கேட்பதில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவை அயல்வீட்டில் குடியேறுவதில்லை. பாடசாலையில் இடமோ வயலில் கூலியோ கேட்டு வருவதில்லை.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் வரும் மானுக்குப் பிணை நின்ற படலம் இவற்றிலிருந்து வேறுபடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு மானுக்குப் பொருள் எதனையும் கொடுக்கவில்லை. கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பும் என்று வேடனிடம் பிணை நிற்கிறார்கள். அரிசி கொடுப்பவன் கையிலுள்ளதைக் கொடுக்கிறான். பிணை நிற்பவன் தன் பெயரையே கொடுக்கிறான். கொடையைப் பற்றிய எந்தக் கதையையும் அளந்து பார்க்க இந்த வேறுபாடு உதவும் என்பது என் கருத்து.

ஆசிரிய கலாசாலையில் உளவியல் விரிவுரையொன்றில் கேட்ட பரிசோதனை இன்றுவரை என்னைவிட்டு அகலவில்லை. அதைச் செய்த ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். நாஸிகளிடம் குடும்பத்தவரைப் பறிகொடுத்தவர். மனிதர் எவ்வளவு அற்பமான காரணத்துக்காகத் தம்மவர், பிறர் என்று பிரிந்து நடப்பர் என்பதை அறிய அவர் விரும்பினார். 1970இல் வெளியான அந்த ஆய்வில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பாடசாலை மாணவர்கள் பங்குபற்றினர். கிளே, கண்டின்ஸ்கி என்ற ஓவியர்களுள் யாருடைய படங்களை விரும்புகின்றனர் என்பதை வைத்தே இரு குழுக்களாகப் பிரித்ததாக அவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அது கண்டபடி செய்த பிரிப்பு. பின்னர் ஒவ்வொருவரும் தனியே இருந்து, பெயர் தெரியாத இருவருக்குப் பணப் பெறுமதியுள்ள புள்ளிகளைப் பகிர்ந்தளிக்க வேண்டும். தனக்கென எதையும் எடுக்க முடியாது. ஓர் அட்டவணையில் தன் குழுவினனுக்கு 19, மற்றவனுக்கு 25 என்பது ஓர் அந்தம். தன் குழுவினனுக்கு 7, மற்றவனுக்கு 1 என்பது மறு அந்தம். தம்மவனுக்கு 19 கிடைக்கும் வாய்ப்பிருந்தும், குறைவாகப் பெற்றாலும் மற்றவனை முந்தி நிற்கும் பக்கமே பலர் சாய்ந்தனர். பழம்பகை எதுவும் அங்கிருக்கவில்லை. ஒரு கோடு மட்டுமே இருந்தது.

உறவினருக்கும் அயலவருக்கும் முதலில் கொடு என்று எமது மார்க்கமும் கூறுகிறது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்மைதான். தம்மவருக்குக் கொடுப்பது குற்றமன்று. தம்மவர் யார் என்ற கோடு இடம் மாறிக்கொண்டிருப்பதை எழுத்தாளன் காணாதிருப்பதே என் குறை.

இதற்கு வேறெங்கும் உதாரணம் தேடவேண்டியதில்லை. நான் புத்தளம் மாவட்டத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவன். 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களில் பெரும்பகுதியினர் எமது மாவட்டத்துக்கே வந்தனர். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும் திறந்தன. உம்மா சுண்டு சுண்டாக அரிசி அளந்தது நினைவிருக்கிறது. அன்று கோடு 'எங்கட முஸ்லிம்கள்' என்பதாக இருந்தது.

ஆண்டுகள் நீண்டன. கூலி குறைந்தது என்றனர். காணி விலை ஏறியது என்றனர். நிவாரணம் அவர்களுக்கு மட்டும்தானா என்று எமதூர் ஏழைகள் கேட்டனர், அக்கேள்வியிலும் நியாயம் இருந்தது. 'அகதி' என்ற சொல் அவர்களது பிள்ளைகளுக்கும் பெயராயிற்று. அதே மார்க்கம், அதே மொழி. கோடு மட்டும் 'ஊரவர், வந்தவர்' என்று இடம் மாறிவிட்டது. பிரிஸ்டல் மாணவர்களுக்கு இரு ஓவியர்கள் தேவைப்பட்டனர். எமக்கு அதுவும் தேவைப்படவில்லை.

2006இல் இதைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். முதல் இரவில் எங்கள் வீட்டில் உண்ட குடும்பமொன்றின் கதை. பலர் பாராட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவர் மட்டும், "சேர், உங்கட கதையில நாங்க ஒரு ராவுதான் இருந்தம். மிச்சம் பதினாறு வருஷத்த எங்க வெச்சீங்க?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. அன்று எங்கள் வீட்டில் உண்டவர் ஒரு தையற்காரர். சில ஆண்டுகளின் பின் தவணைக்குத் தையல் இயந்திரம் எடுக்க ஊரவர் ஒருவரின் பிணைக் கையெழுத்து தேவைப்பட்டது. வாப்பாவிடம் வந்தார். வாப்பா தேநீர் கொடுத்து, "பாப்பம்" என்றார். மூன்று தரம் வந்து போனார். பிறகு வரவில்லை. வாப்பா கெட்ட மனிதரல்லர். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத கை அவருடையது. என்றாலும், இங்கு அந்தச் சொல்லை நான் என் வாப்பாவுக்கே எழுத வேண்டியிருக்கிறது, அவர் அந்தக் கையெழுத்தை வைக்கவில்லை. உம்மா அளந்த அரிசியைக் கதையாக்கிய நான் அதை விட்டுவிட்டேன். அது ஞாபக மறதியாலன்று.

எமது விமர்சனம் இனியாவது இத்தகைய கதைகளை வாசிக்கும்போது யார் கொடுத்தார் என்பதோடு நின்றுவிடக் கூடாது. எதுவரை கொடுத்தார், எங்கே கையை இழுத்துக்கொண்டார் என்றும் கேட்க வேண்டும். பிற இனத்தவர் பற்றிய கதைகளிடம் மட்டுமன்றி, எம்மை எமக்கே காட்டும் கதைகளிடமும் கேட்க வேண்டும்.

அந்தச் சக ஆசிரியரின் கேள்விக்கு நான் இன்னும் கதையாகப் பதில் எழுதவில்லை. எனக்கு முன் அவர் எழுதினால், அதில் என் வாப்பா எப்படித் தெரிவார் என்பதை வாசிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.