சரவுண்ட் ஸ்பீக்கர்: எண்ணிக்கையா, இடமா?

எங்கள் வீட்டு ஹாலில் 5.1 ஸ்பீக்கர் செட் மாட்டி மூன்று வருடம் ஆகிறது. மாட்ட வந்தவர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, ஹெலிகாப்டர் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார். சத்தம் டிவியில் கிளம்பி, தலைக்கு மேலே போய், பின்னால் சாப்பாட்டு மேஜை வரை சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

ஒரு மாதம் கழித்து அம்மா சொன்னார்: "என்னடா இது, சத்தமெல்லாம் கேக்குது, பேசுறது மட்டும் கேக்கலியே." அவருக்கு வயது 74. காது கொஞ்சம் மந்தம், அதனால்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிறகு அவர் ஹாலில் படம் பார்ப்பதையே விட்டுவிட்டு, தன் அறையில் இருந்த பழைய சின்ன டிவிக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு வசனம் கேட்டது. அதே காதுதானே? இது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று. மென்பொருள்காரன் மொழியில் சொன்னால், பயனர் மேல் பழியைப் போட்டு பக்-கை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு படித்ததும், டேப் பிடித்து அளந்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த 5.1 எங்கிருந்து வந்தது? 1979இல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்குத்தான் போக வேண்டும். அதுவரை பெரும்பாலான படங்களில் சரவுண்ட் என்பது ஒரே தடம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சத்தம். கொப்போலாவும் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச்சும் 70 மி.மீ. பிரதியில் இடது, வலது சரவுண்டைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். திரைக்குப் பின்னால் மூன்று, சரவுண்ட் இரண்டு, அடித்தொண்டைச் சத்தத்துக்குத் தனியாக ஒன்று. இன்றைய 5.1இன் வரைபடம் அதுதான். படத்தின் தொடக்கத்திலேயே ஹெலிகாப்டர் சத்தம் அரங்கைச் சுற்றி வரும். ஹோட்டல் அறையில் படுத்திருப்பவனின் மண்டைக்குள் சுற்றுகிற போர் அது. கடை டெமோவில் சுற்றுகிற ஹெலிகாப்டருக்கு யார் மண்டையும் கிடையாது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று. தியேட்டரில் சரவுண்ட் என்பது ஒரு பெட்டி அல்ல. பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் வரிசையாக நிற்கிற பல பெட்டிகள். அதனால் சத்தம் ஒரு புள்ளியிலிருந்து வராது, பரவி வரும். வீட்டில் அந்த மொத்த வரிசைக்கும் ஒரே ஒரு பெட்டி. அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாமே.

ஐடியூ என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை ஒன்று இருக்கிறது, பிஎஸ் 775. உட்கார்ந்திருப்பவருக்கு நேர் எதிரே 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் 30 டிகிரியில். சரவுண்ட் 100 முதல் 120 டிகிரியில். டால்பியின் 5.1 வழிகாட்டி 90 முதல் 110 என்கிறது. இரண்டிலும் கவனியுங்கள்: சரவுண்ட் முதுகுக்குப் பின்னால் இல்லை, காதுக்குப் பக்கத்தில், ஒரு சொட்டுப் பின்தள்ளி. பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் இரண்டு காதுகளையும் வெவ்வேறு விதமாக எட்டுகிறது; ஒரு இடத்துக்குள் இருக்கிறோம் என்ற உணர்வைத் தருவது அந்த வித்தியாசம்தான்.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். ஹால் 11 அடி அகலம், 21 அடி நீளம். பின்பாதி சாப்பிடும் இடம். சோபாவில் என் காது டிவியிலிருந்து 11 அடி. சரவுண்ட் இரண்டும் சாப்பாட்டு மேஜையைத் தாண்டி, பின்சுவர் மூலைகளில், கூரையை ஒட்டி. கணக்குப் போட்டால் 151 டிகிரி. அதோடு காது மட்டத்திலிருந்து 27 டிகிரி உயரம். முன் ஸ்பீக்கர்களோ டிவியை ஒட்டிக்கொண்டு, வெறும் 13 டிகிரியில். ரிசீவரின் அமைப்பைத் திறந்தால், எல்லா ஸ்பீக்கரும் ஒரே தூரத்தில் இருப்பதாகப் பதிவு; சரவுண்ட் மட்டும் 6 டெசிபல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. ஹெலிகாப்டர் அவ்வளவு கம்பீரமாகப் பறந்த ரகசியம் இதுதான்!

வசனம் ஏன் கேட்கவில்லை என்பதும் இங்கேயே தெரிந்துவிட்டது. சினிமாவில் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். எங்கள் சென்டர், டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி, முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஊதிப் பெருக்கிய சரவுண்ட். அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

செலவு பெரிதாக இல்லை. சென்டரைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, அடியில் இரண்டு ரப்பர் கதவுக்கட்டைகள் வைத்துக் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். சோபாவை ஒன்றரை அடி முன்னால் நகர்த்தி, முன் ஸ்பீக்கர்களை அகற்றி வைத்ததில் 25 டிகிரி கிடைத்தது. சரவுண்டைச் சோபாவுக்கு ஒன்றரை அடி பின்னால், பக்கச் சுவரில், காதுக்கு ஓர் அடி மேலே கொண்டுவந்தேன். ஒரு பக்கம் பால்கனிக் கதவு, ஆணி அடிக்க முடியாது. அங்கே ஒரு ஸ்டாண்ட். இப்போது 105 டிகிரி.

பெட்டி பக்கத்தில் வந்ததால் புதுச் சிக்கல் ஒன்று வரும். சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லி விநாடி. என் சரவுண்ட் முன் ஸ்பீக்கரைவிடச் சுமார் 5 அடி கிட்டத்தில் இருப்பதால், 4 மில்லி விநாடி முந்திக்கொள்ளும். முதலில் வந்த சத்தத்தின் திசையைத்தான் காது நம்பும். சரியான தூரத்தை ரிசீவரில் கொடுத்தால் அது தாமதத்தைப் போட்டுக்கொள்ளும். அளவை எல்லா ஸ்பீக்கருக்கும் சமமாக்க, போன் செயலியே போதும்; ஒன்றோடொன்று ஒப்பிடத்தானே போகிறோம்.

பரிசோதிக்க அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா' (2018) படத்தைப் போட்டேன். பின்னணி இசையே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம். அட்மாஸ் ஒலிக்கலவை, என் ரிசீவரில் 5.1 ஆகத்தான் கேட்கும். கேமரா மெதுவாகத் திரும்பும்போது ஆட்களின் குரல் திரையை விட்டு நழுவிப் பக்கவாட்டுக்குப் போகும். கடலலைக் காட்சியில் தண்ணீர் இரு பக்கமும் ஏறி வரும். பழைய அமைப்பில் இதே படம் எனக்கு மூலையில் யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. படம் சலிப்பு என்று அப்போது சொன்னேன். அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

ஒரு குறையும் உண்டு. திரைக்கு வெளியே குரல் கேட்டதும் கண் அந்தப் பக்கம் போகிறது. தியேட்டர்காரர்கள் இதை 'எக்ஸிட் சைன் எஃபெக்ட்' என்பார்கள். வெளியேறும் வழி என்று எழுதியிருக்கும் பலகைப் பக்கம் பார்வை ஓடுவதால். ஸ்பானிஷ் தெரியாமல் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கிற என் போன்றவர்களுக்கு அது இரட்டை வேலை. குவாரோன் அந்த விலையைத் தெரிந்தே கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த வீட்டுக்குள் நம்மை உட்காரவைக்க வேறு வழியில்லை.

படம் ஓடும்போது அம்மா சமையலறைக்குப் போனார். பாதியில் நின்று, "கேட்டைச் சாத்தினியா? நாய் ஏதோ உள்ளே வந்துட்ட மாதிரி இருக்கு" என்றார். படத்தில் வரும் நாய் அது. ஹெலிகாப்டருக்குக் கைதட்டியது போல இதற்கு யாரும் கைதட்டவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து இவ்வளவுதான். பிஎம்பிஓ வாட் கணக்கை நம்பாதீர்கள். வாட் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். பணத்தைச் சென்டரிலும், அதனோடு ஒரே வரிசையில் வரும் இரண்டு முன் ஸ்பீக்கர்களிலும் போடுங்கள். சரவுண்ட் சின்னதாக இருக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடலாம். 105 டிகிரியில் வைக்க இடமே இல்லையென்றால் 3.1 போதும். தப்பான மூலையில் தொங்கும் இரண்டு பெட்டியைவிட அது மேல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஹாலில் உட்கார்ந்து ஒரு முழுப்படம் பார்த்தார். ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசனத்துக்குச் சிரித்தார்.