ஆலமரமும் பச்சை வர்ணமும்

"இயற்கைக் காட்சி எழுதுவது மேல்நாட்டுச் சரக்கு, நம்மவர்கள் தெய்வத்தை எழுதினார்கள், மரத்தை எழுதவில்லை" என்று சித்திரம் தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. தஞ்சாவூர்ப் பலகைப் படங்களைப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். தங்க ரேக்கும் கல்லும் பதித்த மண்டபத்தில் கிருஷ்ணன் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறான். காவிரிக் காற்று உள்ளே வர ஜன்னல் கிடையாது.

ஆனால் அதே ஊர்ப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், ஓர் ஆலமரம் நிற்கிறது. கோயில் முற்றுப்பெற்றது 1010-ல். பிற்பாடு நாயக்கர் காலத்தில் அந்தச் சுவரின்மேல் வேறு சித்திரம் தீட்டிவிட்டார்கள். அடியில் மறைந்திருந்த சோழர் வேலையை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதில்தான் இந்த ஆலமரமும், அதன் அடியில் தட்சிணாமூர்த்தியும்.

மரம் இங்கே சுவாமிக்குப் பிடித்த குடையல்ல. கிளைகளில் குரங்குகள் திரிகின்றன. சுற்றிலும் காடு உயிரோடு இருக்கிறது. கீழே மௌனம், மேலே சந்தடி. மரத்தை எடுத்துவிட்டால் அந்த மௌனத்துக்கே பொருள் போய்விடும்.

இதை எழுதியவருக்கு இருந்த வசதி கொஞ்சம். சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் உலர்வதற்குள் வர்ணம் ஏற வேண்டும். எண்ணெய் வர்ணக்காரரைப்போல் இன்று பூசி, காய்ந்தபின் நாளை அதன்மேல் திருத்த முடியாது. பச்சைக்குப் பச்சை மண், சிவப்புக்குக் காவி, கறுப்புக்குக் கரி. ஆகவே தூரிகையைத் தொடுமுன்பே மரம் மனத்தில் முழுசாக நின்றிருக்க வேண்டும்.

நமது கண்காட்சிகளில் தொங்கும் மரங்களைப் பாருங்கள். வர்ணம் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. பார்வை ஓர் அடுக்குக்கூட இறங்கவில்லை. வயல் என்றால் ஒரே பச்சை. நாற்றங்காலின் பச்சை வேறு, நட்ட புதிதில் வெளிறி நிற்கும் பயிரின் பச்சை வேறு, கதிர் வாங்கும்போது வேறு என்று இந்தப் பக்கத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். அடுக்கு என்பது இந்த வித்தியாசங்களைச் சொல்வதற்காக. கனம் காட்டுவதற்காக அல்ல.

சோழ ஓவியரிடமும் ஒரு குறை உண்டு. அவர் எழுதியது காடு. தம் வாசலில் கிடந்த நெல்வயலுக்கு இந்தச் சித்திரத்தில் இடமில்லை. அந்த வேலை மிச்சமிருக்கிறது. அதைச் செய்ய வருகிறவர், பொதுவாகப் பூட்டியிருக்கும் அந்த நடைக்குள் போக முடியாவிட்டாலும், படப் பிரதியிலாவது அந்த ஆலமரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வயலுக்குப் போகட்டும்.