நிலத்தை இழந்த அச்சம்: ‘ஊமை விழிகள்’ திரைப்படத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

1978 முதல் 1986 வரையிலான காலம் தமிழ்த் திரையில் தொடர்கொலைத் திகில் படங்கள் பெருகிய காலமாகும். ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980), ‘நூறாவது நாள்’ (1984) ஆகியன இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவை. ஆபாவாணனின் எழுத்திலும் தயாரிப்பிலும் ஆர். அரவிந்தராஜ் இயக்கி, 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த ‘ஊமை விழிகள்’ இவ்வரிசையில் காலத்தால் பிந்தியது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் அகன்றதிரையில் படைத்த இப்படத்தின் தொழில்நுட்பச் சாதனையும் வணிக வெற்றியும் பலராலும் போற்றப்பட்டுள்ளன. எனினும், திகில் படம் என்ற அளவில் இது தன் தொடக்கம் அளித்த வாக்கை நிறைவேற்றவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

பாலையும் ஸ்லாஷரும்

நகரத்து இளைஞர் ஒதுக்குப்புறக் காட்டிற்குச் சென்று கொலையுண்பது அமெரிக்க ஸ்லாஷர் படங்களின் ஒரு கிளையாகும். ‘டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ (1974), ‘ஃப்ரைடே தி 13த்’ (1980) ஆகியவை இதற்குச் சான்று. நகரம் சுரண்டிய நாட்டுப்புறத்தின் மீது நகரத்தார் கொள்ளும் குற்றவுணர்வே இவ்வகை அச்சத்தின் ஊற்று எனக் கரோல் கிளோவர் 1992இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார்.

தமிழ் மரபில் இதற்கு நெருக்கமானது பாலைத்திணை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையில் பாலை தோன்றுகிறது. அங்கு வழிச்செல்வோரைக் கொல்லும் ஆறலைகள்வர் அந்நிலத்தின் வறட்சியோடு பிணைந்தவர். முதற்பொருளே அச்சத்தைப் பிறப்பிக்கிறது.

‘ஊமை விழிகள்’ படத்தின் தொடக்கப் பகுதி இவ்வாறே இயங்குகிறது. ஆளரவமற்ற வெளி, இரவு, தனித்துச் செல்லும் பெண், முன்னறிவிப்புப்போல் தோன்றும் முதியவள் ஆகிய அனைத்தையும் அகன்றதிரை ஒரே நிலமாக்குகிறது. ஆனால் கொலைஞன் பி.ஆர்.கே. (ரவிச்சந்திரன்) அந்நிலத்தின் விளைவு அல்லன்; அங்குள்ள உல்லாச விடுதிக்கு உரிமையாளன். நாட்டுப்புற ஏழையைக் கொடியவனாக்காமல் செல்வரைக் குற்றவாளியாக்கியது படத்தின் சிறப்பே. எனினும், அச்செல்வம் அவ்வூரை என்ன செய்தது என்ற வினாவைப் படம் எழுப்பவில்லை. அச்சத்தின் முகமாகப் பயன்பட்ட முதியவளின் வாழ்வுக்குள்ளும் அது செல்லவில்லை. கதை பத்திரிகை, காவல்துறை, அரசியல் மோதலாக மாறியதும் நிலம் வெறும் முகவரியாகச் சுருங்குகிறது.

காணும் பெண்ணும் காணாமற்போகும் பெண்ணும்

இதனினும் பெரிய குறை பெண்பாத்திரங்களைச் சார்ந்தது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தில் கணவனின் உண்மையை வீட்டிற்குள் கண்டறிந்து தப்பி ஓடுபவள் சாரதா. ‘நூறாவது நாள்’ நாயகி கொலையைக் கனவில் முன்கூட்டியே காண்கிறாள். அவள் காட்சியை மற்றவர் நம்ப மறுப்பதே கதையின் இழுவிசை. இவ்விரு படங்களிலும் கொடுமையைக் காணும் கண் பெண்ணுடையது.

‘ஊமை விழிகள்’ அந்தக் கண்ணைப் பெண்ணிடமிருந்து எடுத்துவிடுகிறது. பத்திரிகை ஆசிரியர் (ஜெய்சங்கர்), செய்தியாளர், காவல் அதிகாரி தீனதயாளன் (விஜயகாந்த்) ஆகிய ஆடவரே துப்பறிந்து தண்டிக்கின்றனர். மறைந்த பெண்கள் வழக்கின் தடயங்களாக மட்டும் எஞ்சுகின்றனர். தலைப்பு குறிக்கும் ஊமைத்தன்மையைப் படம் கண்டிப்பதாகத் தோன்றினும், தானும் அதனையே தொடர்கிறது.

நாட்டுப்புறப் பார்வையாளர்

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூர் போன்ற ஊர்களின் பார்வையாளருக்குக் கரும்புத் தோட்டமும் ஏரிக்கரையும் அன்றாடம் நடக்கும் வழிகள். அவர்களுக்கு ஒதுக்குப்புறம் என்பது அயல்நிலம் அன்று, சொந்த ஊர். வெளியிலிருந்து வந்த செல்வம் தம் வழியை அஞ்சத்தக்கதாக்கும் கதையை அவர்கள் எவரினும் நன்கு உணர்ந்திருப்பர். படமோ நகரத்துச் செய்தியாளரின் கண்வழியே அவர்தம் நிலத்தைக் காட்டுகிறது.

முடிவுரை

‘ஊமை விழிகள்’ தோல்வியுற்ற படம் அன்று. பாதியில் வேறு படமாகிவிட்ட படம். பாலையாகத் தொடங்கியதைச் செய்தித்தாள் அலுவலகத்தில் முடித்ததே அதன் குறை. தமிழ்த் திகில் படங்களை மேனாட்டு மூலங்களோடு ஒப்பிடும் ஆய்வுகளோடு நின்றுவிடாமல், அச்சம் எந்நிலத்தில் பிறக்கிறது, அதனைக் காணும் கண் யாருடையது என்னும் இரு வினாக்களையும் திணைக்கோட்பாட்டின் துணையுடன் எழுப்புவது பயன்தரும்.