டேலி ஆகாத கணக்கு

லண்டனில் இரவு முழுக்க இயங்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனை ரிப்போர்ட் கோடைகாலத்தில் மட்டும் தப்பாக வருகிறதா? அனுபவசாலிக்கு அந்த ஒரு தகவலே போதும். டேட்டாவை எடுக்கும் குவரியைத் திறப்பதற்கு முன்பே அவர் சந்தேகம் கடிகாரத்தின் மேல் விழுந்துவிடும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி திருப்பி வைப்பார்கள். டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் இதையெல்லாம் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்திலேயே எழுதிக்கொண்டு போகும். ஜூலை 1 நள்ளிரவு தாண்டி 12.30க்குப் போட்ட பில், அதில் ஜூன் 30 இரவு 11.30 என்று பதிவாகும். அதை லண்டன் நேரத்துக்கு மாற்றத் தெரியாத ரிப்போர்ட், பில்லை ஜூன் கணக்கில் சேர்த்துவிடும். அக்டோபர் முடிந்ததும் கணக்கு தானாகவே டேலி ஆகும். எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடுத்த ஏப்ரலில் கோளாறு மறுபடியும் தலைகாட்டும்.

ரிப்போர்ட்டில் பிழை பிடிப்பதை நான் ஒரு கலையாகவே பார்க்கிறேன். ஒவ்வொரு பிழையிலும் அதன் காரணத்தின் சாயல் இருக்கும். அந்தச் சாயலை அடையாளம் காண்பவர், நாடி பிடித்தே நோயைச் சொல்லும் வைத்தியரைப் போன்றவர்.

சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும் எரர்களில் எனக்கு அவ்வளவு ருசி கிடையாது. லாகின் ஆகவில்லை, டேட்டா சோர்ஸ் திறக்கவில்லை என்று அவையே வாய் திறந்து சொல்லிவிடுகின்றன. முதல் வரியோடு நிறுத்தாமல் கடைசி வரிவரை பொறுமையாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. எந்த எரரும் காட்டாமல் அழகாக அச்சாகி, மேலாளர் மேசைவரை போய்விடும் தப்பான எண்ணில்தான் வித்தை இருக்கிறது.

தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஊழியர் மார்ச் 5ஐ 05/03 என்று எழுதுவார். அமெரிக்க வழக்கப்படி அமைத்த சர்வர் அதை மே 3 என்று படிக்கும். 13ஆம் தேதி வந்ததும் 13ஆவது மாதத்துக்கு எங்கே போவது? அங்கேதான் அது முதன்முதலாக முரண்டு பிடிக்கும். அதற்குள் முதல் 12 நாள் பதிவுகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் வேறு வேறு மாதங்களுக்குக் குடிபோயிருக்கும். சிலருடைய பில் மட்டும் சரியாக இரண்டு மடங்கு காட்டினால் டேபிள்களை இணைக்கும் ஜாயினைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு முகவரி டேபிளில் இரண்டு வரி இருக்கும். டேலி ஆகாத இரண்டு தொகைகளின் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், 54ஐ யாரோ 45 என்று தட்டியிருக்கக்கூடும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கணக்குப்பிள்ளைகள் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்த சோதனை இது.

இந்தச் சாயல் பார்க்கும் வித்தையை ஒழுங்கான தொழிலாக்கியவர்களில் நான் முதலில் வணங்குவது லெஸ்லி ஜான் காம்ரியை. நியூசிலாந்தில் பிறந்தவர், முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். 1930 முதல் 1936 வரை லண்டன் கிரீனிச்சில், மாலுமிகளுக்கான வானியல் பஞ்சாங்கத்தைத் தயாரிக்கும் அலுவலகத்துக்குத் தலைமை வகித்தார். அந்தப் பஞ்சாங்கத்தில் ஓர் இலக்கம் பிசகினால், அதை நம்பி நடுக்கடலில் கணக்குப் போடும் கப்பல் திசை தப்பும். காம்ரி, வணிகக் கணக்குக்காகச் செய்த இயந்திரங்களைக் கொண்டே அட்டவணைகளைச் சரிபார்த்தார். அவர் கையாண்ட முறை பழையது, எளிமையானது. அடுத்தடுத்த எண்களைக் கழித்து, அந்த வித்தியாசங்களை மறுபடியும் கழிப்பது.

1, 4, 9, 16, 25, 36, 49, 64 என்ற வரிசையில் 25க்குப் பதில் 26 என்று அச்சாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. கழித்தால் 3, 5, 7, 10, 10, 13, 15 என்று வரும். மறுபடியும் கழித்தால் 2, 2, 3, 0, 3, 2. எல்லாமே 2ஆக இருக்க வேண்டிய இடத்தில் 3, 0, 3 என்று ஒரு குழி. குழியின் நடு, தப்பான எண்ணுக்கு நேர் கீழே வந்து நிற்கிறது! ஒன்று கூடி, இரண்டு குறைந்து, மறுபடி ஒன்று கூடியிருப்பதால் பிழையின் அளவு 1 என்பதும் தெரிந்துவிடுகிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதே கண் 2020இல் லண்டனுக்குத் தேவைப்பட்டது. வாட்டர்லூவில் தலைமையகம் வைத்திருந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகை எக்செல் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகையில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது. 2ஐ 16 முறை பெருக்கினால் கிடைக்கும் எண் அது. ஒரு நோயாளியின் விவரம் பல வரிகளை எடுத்துக்கொண்டதால், ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். மிச்சம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உதிர்ந்துபோனது. செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 2 வரை பிரிட்டனின் அன்றாட எண்ணிக்கை 7,143, 7,108, 6,914, 6,968. தொற்று வேகமாக ஏறிக்கொண்டிருந்த வாரத்தில் எண் கூரையில் முட்டியதுபோல் நான்கு நாள் அசையாமல் நின்றது. கடைசி நாளான வெள்ளிக்கிழமை இரவுதான் கோளாறு பிடிபட்டது. 15,841 பேர் கணக்கில் விடுபட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய பணியாளர்களுக்குத்தான் பட்டியல் போய்ச் சேரவில்லை. 2007 முதல் புழக்கத்தில் இருந்த புதிய வகைக் கோப்பு 10,48,576 வரிகளைத் தாங்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கோப்புகளைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஏற்றி, நிலைமையைச் சமாளித்தார்கள்.

இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர் செய்யும் ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: வந்த வரிகள், ஏறிய வரிகள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரிப்போர்ட் அச்சாகாமல் அங்கேயே நின்றுவிடும். அப்படி ஓட மறுக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தால், அதை எழுதியவர் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்துப் போய்க் கைகுலுக்க வேண்டும் என்றிருக்கும் எனக்கு.