கெடிலக்கரைக் கதைகளில் மறுவாழ்வு

‘ரெண்டாந்தாரம்’ என்று ஒரு பெண்ணைச் சொல்லும்போது அங்கே எண்ணப்படுவது அவளுடைய கணக்கு அல்ல, அவனுடைய கணக்கு. அவளுக்கு அது முதல் கல்யாணமாகவே இருக்கலாம். அவளே இன்னொருவனைக் கட்டிக்கொண்டால் அதற்கு வேறு சொல் வருகிறது: ‘அறுத்துக்கட்டினவள்’. புதுத் தாலி கழுத்தில் ஏறி இருபது வருஷம் ஆன பிறகும் பழைய தாலி அறுபட்ட சத்தம் அந்தச் சொல்லை விட்டுப் போவதில்லை. புருஷனை விட்டுத் தாய்வீடு வந்து உட்கார்ந்தவள் ‘வாழாவெட்டி’. மனைவி விட்டுப்போன ஆணைக் குத்த இதற்கு ஈடாக ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுப் பேச்சில் இந்தச் சொற்கள் இன்னும் புழங்குகின்றன. இவற்றுக்கு நடுவே, பிழைத்தது போதும் என்று உட்காராமல் மறுபடி எழுந்த பெண்களைப் பற்றி இந்த மண் எழுதிய கதைகளை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உலகமெங்கும் இன்று இந்தப் பொருளுக்கென்றே புத்தகக் கடைகளில் தனி அடுக்கு இருக்கிறது. மணமுறிவுக்குப் பிறகோ கணவன் இறந்த பிறகோ ஒருத்தி ஏதோ ஒரு கடற்கரை ஊருக்குப் போகிறாள், ரொட்டிக்கடையோ புத்தகக்கடையோ தொடங்குகிறாள், மனம் ஆறுகிறாள். படிக்கிறவளின் மனமும் ஆறுகிறது. அந்த ஆறுதலை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் அந்த நாவல்களில் பெரும்பாலும் முதல் சில பக்கங்களிலேயே அவள் கைக்கு ஒரு சாவி வந்துவிடுகிறது. அத்தை விட்டுப்போன வீடு, கடைக்கு மேலே ஒரு வாடகை அறை என்று ஏதாவது ஒன்று. நம் கதைகளில் அந்தச் சாவி கிடையாது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் சொன்னதே 1989 மார்ச் 25 முதல்தான். எனவே நம் கதைகள் வேறு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகின்றன: அவள் திரும்பி வந்து நிற்கும்போது கதவைத் திறப்பது யார்?

இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு வயது அதிகம். பண்ணுருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரோடு மணம் பேசி முடித்திருந்தார்கள். தாய் தந்தையர் இறந்தார்கள். மணமகனும் போரில் இறந்தார். தாலி ஏறாமலேயே தன்னை அவருக்கு உரியவளாக எண்ணி உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருள்நீக்கியார் காலைப் பிடித்துக் கதறியதால் உயிர் தரித்தார். பிற்பாடு அந்தத் தம்பி சமணம் சென்று, சூலைநோயோடு திரும்பி வந்தபோது, கெடில ஆற்றங்கரைத் திருவதிகையில் அவருக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனவர் இந்த அக்காள்தான். பின்னாளில் நாவுக்கரசர் ஆன அந்தத் தம்பிக்கு மறுவாழ்வு தந்தவர் அவர். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணம் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. நடுநாட்டுப் பெண் ஒருத்தியின் கதை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் சொல்லப்பட்ட அந்த மேடையை நான் பெருமையோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. திறக்கிற கை அவருடையது. உள்ளே போகிறவன் தம்பி. அவருக்கென்று யாரும் எந்தக் கதவையும் திறக்கவில்லை. அவர் வாழ்ந்ததே தம்பிக்காக என்றுதான் காவியம் சொல்கிறது.

அதே கெடிலத்தின் தென்கரையில், திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். கல்லைக் கட்டிக் கடலில் எறியப்பட்ட நாவுக்கரசர் அந்தக் கல்லிலேயே மிதந்து கரையேறிய இடம் என்று அந்த ஊர் இன்றும் விழா எடுக்கிறது. அங்கே பிறந்தவர் கல்லான ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார் என்பது தற்செயல்தான்; இருந்தாலும் ‘சாபவிமோசன’த்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மிதந்த கல் ஞாபகம் வரும். 1943இல் வெளிவந்த அந்தக் கதையில் அகலிகைக்குக் கிடைப்பது இரண்டாவது வாழ்க்கையேதான். கணவன் இருக்கிறான், குடிசை இருக்கிறது, மன்னிப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் ஊர் மறக்கவில்லை. அவளாலும் மறக்க முடியவில்லை. கடைசியில் சீதையின் வாயால் தீக்குளித்த செய்தியைக் கேட்கிறாள். தன்னை மன்னித்தவனே தன் மனைவியிடம் நிரூபணம் கேட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் அவள் மறுபடி கல்லாகிறாள். மன்னிக்கப்பட்டவளாக வாழ்வது மறுவாழ்வு ஆகாது என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை தமிழில் இன்னொன்று இல்லை என்பது என் எண்ணம். மனத்துக்குத் தெம்பு தரும் கதைகளைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதை ஏன் எடுக்கிறேன் என்றால், பின்னால் வந்த கதைகளின் தெம்பு எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது என்பது இந்தக் கல்லை ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆற்றுக்கு வடகரையில் மஞ்சக்குப்பம். 1934இல் அங்கே பிறந்தவர் ஜெயகாந்தன். அவருடைய ‘யுகசந்தி’யை நான் பள்ளி விட்ட வயதில் படித்தேன். அப்போது அது கீதாவின் கதை என்று நினைத்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாமல் விதவையானவள், ஆசிரியையாகி, நெய்வேலிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். உடன் பணிபுரியும் இந்திப் பண்டிதரை மணக்க முடிவெடுத்து, கடலூரில் இருக்கும் அப்பாவுக்குக் கடிதம் கொடுத்தனுப்புகிறாள். இப்போது படித்தால் அது முழுக்க முழுக்க, அந்தக் கடிதத்தைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிற கௌரிப் பாட்டியின் கதை. பாட்டியும் இளம் வயதில், கையில் ஒரு பிள்ளையோடு தாலி இழந்தவள். தலை மழித்து, வெள்ளை உடுத்தி, ஒரு வாய்ச் சோற்றுக்கும் ஆசாரம் பார்த்து வாழ்ந்தவள். அந்த வீட்டில் சாஸ்திரத்தின் பெயரால் இல்லை என்று சொல்ல யாருக்காவது உரிமை உண்டென்றால் அது அவளுக்குத்தான். மகன் கொதிக்கிறான், மருமகள் அழுகிறாள், பாட்டி யோசிக்கிறாள். யோசித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பேத்தியிடமே திரும்பிப் போகப் புறப்படுகிறாள்.

இதில் ஜெயகாந்தன் செய்த பெரிய காரியம் பாட்டியை மாற்றாமல் விட்டது. அவள் தன் ஆசாரத்தைக் கைவிடவில்லை. புரட்சி பேசவில்லை. தான் பட்டதைப் பேத்தியும் படவேண்டும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். எத்தனையோ வீடுகளில் ‘நான் படலையா?’ என்ற கேள்வியோடுதான் கதவு சாத்தப்படுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அதைக் கேட்காமல் எழுந்து போகிறாள். வழக்கமாக வந்து தலை மழிக்கும் நாவிதரிடம் அவள் விடைபெறுகிற இடத்தை எத்தனை முறை படித்தாலும் என் தொண்டை அடைக்கும்.

கதையில் நெய்வேலி வருவதும் சும்மா அல்ல. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றிய பிறகு எழுந்த ஊர் அது. அங்கே யாருக்கும் பூர்வீக வீடு கிடையாது. எதிர்வீட்டுக்காரர் எந்த ஊர்க்காரரோ. வம்பு பேச அக்கிரகாரத் தெரு இல்லாத ஊரில்தான் கீதாவுக்கு இப்படி ஒரு முடிவு எடுக்க முடிகிறது. இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் புது ஊருக்காகவும் சுரங்கத்துக்காகவும் பெயர்க்கப்பட்ட கிராமங்களிலும் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர்கள்தாம்.

1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில் கதவைத் திறப்பவள் தாய். மழை மாலையில் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணை முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நெருப்புக்குப் பதில் நீர். புதுமைப்பித்தனின் அகலிகை எதைக் கேட்டுக் கல்லானாளோ அதற்கு இருபத்து மூன்று வருஷம் கழித்து, ஆற்றின் மறுகரைக்காரர் சொன்ன பதிலாகவே இதை நான் வாசிக்கிறேன். வாசகர்கள் பொறுக்கவில்லை; கண்டனங்கள் குவிந்தன. ஜெயகாந்தன் அவற்றோடு சண்டை பிடித்ததோடு நிற்காமல், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் வாய்விட்டுக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது; 1977இல் படமாகி, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கங்காவுக்குப் படிப்பு உண்டு, உத்தியோகம் உண்டு, சம்பளம் உண்டு. அன்றைய இரவு திறந்திருக்க வேண்டிய கதவு ஒன்றுதான் அவளுக்கு இல்லாமல் போனது. அதை எந்தச் சம்பளத்தாலும் அவளால் ஈடுகட்ட முடியவில்லை.

இந்தப் பொருளைத் தமிழில் முதலில் எடுத்தவர் ஜெயகாந்தன் அல்லர். 1903இல் அ. மாதவையா ‘முத்துமீனாட்சி’யில் ஒரு பிராமண விதவையைத் தன் கதையைத் தானே சொல்லவைத்து, மறுமணத்தில் கொண்டுபோய் முடித்தார். பிறகு வந்த எழுத்தாளர்கள் லட்சுமி, அநுராதா ரமணன், ரமணிசந்திரன் ஆகியோரின் கதைகள் வார இதழ்களிலும் மாத நாவல்களிலும் வந்து, பேருந்து நிலையக் கடைகள் வழியே இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயின. மத்தியான வேளையில் சமையல் முடித்துத் திண்ணையில் சாய்ந்து அவற்றைப் படித்த பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரமே ஒரு மறுவாழ்வு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிரிந்தவர்களை அதே வீட்டில் சேர்த்துவைத்து முடிகிறவை. விலகி நிற்பது அநுராதா ரமணனின் ‘சிறை’. கெடுக்கப்பட்ட பாகீரதிக்குக் கட்டிய கணவன் வீடு மூடப்பட, கெடுத்தவன் வீட்டிலேயே போய் நிற்கிறாள். பின்னாளில் கணவன் வந்து அழைக்கும்போது மறுக்கிறாள். இரண்டாவது வாய்ப்பை வேண்டாம் என்று சொல்வதும் ஒரு பெண்ணின் தொடக்கமாக இருக்கலாம் என்று ஒரு வெகுஜன இதழ்க் கதை சொன்னது சின்ன விஷயம் அல்ல.

இதுவரை சொன்னவை அனேகமாக மேல்சாதி வீட்டுக் கதைகள். அங்கே மறுமணமே ஒரு யுத்தம். உழைக்கும் சாதிகளில் அறுத்துக்கட்டுவது பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கிற நடைமுறை. அப்படியானால் அங்கே பெண்ணுக்கு மறுவாழ்வு சுலபமா? இந்தக் கேள்விக்கு விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’ (1999) முகத்தில் அறைந்தாற்போல் பதில் சொல்கிறது. மாப்பிள்ளை என்று ஒருவனைக் காட்டி இன்னொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்டவள் அஞ்சலை. ஓடிவருகிறாள், அக்காள் வீட்டில் நிற்கிறாள், இன்னொருவனோடு வாழ்கிறாள், மறுபடி பழைய இடத்துக்கே போகிறாள். ஒவ்வொரு முறையும் யாரோ கதவைத் திறக்கத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. களை பிடுங்கவும் முந்திரி பொறுக்கவும் இரண்டு கை கிடைத்தது என்று பார்க்கிற உலகம் அது. மறுமணம் வேறு, மறுவாழ்வு வேறு என்று இந்த நாவல்தான் எனக்குப் புரியவைத்தது. ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தொகுத்தவர் குணசேகரன்; அஞ்சலையை ஊர் ஏசுகிற வசவுகளில் அந்த அகராதியின் இருண்ட பக்கம் முழுவதும் கொட்டிக் கிடக்கிறது.

அதே வட்டாரத்து இமையத்தின் ‘எங் கதெ’ (2015) இன்னொரு கோணம். இரண்டு பெண் குழந்தைகளோடு விதவையாகி, பள்ளி அலுவலக வேலையில் சேரும் கமலாவைப் பற்றி, அவளை விரும்பிய விநாயகம் ஒரே மூச்சில் பேசித் தீர்க்கிறான். கமலாவுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அவள் வீட்டுச் சாவி அவள் கையில் இருக்கிறது. யார் உள்ளே வரலாம், எப்போது வரலாம் என்பதை அவளே தீர்மானிக்கிறாள். அதை அவனால் தாங்க முடியவில்லை. பெயருக்கு அவன் கதை. ஆனால் அவன் புலம்பப் புலம்ப, அவள் எவ்வளவு உறுதியாகத் தன் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

கீதாவையும் கங்காவையும் அஞ்சலையையும் எழுதியவர்கள் ஆண்கள். பரிவோடுதான் எழுதினார்கள். ஆனாலும் பெண் தானே எழுதும்போது கதையின் எடை வேறு இடத்துக்கு நகர்கிறது என்பதைக் காட்டியவர் சு. தமிழ்ச்செல்வி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் பிறந்து, விருத்தாசலத்துக்கு வாழவந்த ஆசிரியை. ‘அளம்’ நாவலின் சுந்தராம்பாளுக்குக் கணவன் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போய்விட, பெண்மக்களோடு தனியே நிற்கிறாள். அவளுடைய மனம் ஆறியதா என்று ஆசிரியர் கேட்பதில்லை. இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று கேட்கிறார். உப்பளத்து வேலை, வயிற்றுக்குக் கிழங்கும் கீரையும் தேடி அலைதல் என்று நாள் கூலியாலும் பருவத்தாலும் அளக்கப்படுகிறது காலம். துயரம் இல்லை என்று அர்த்தமில்லை. துயரப்பட உட்காருவதற்கு நேரமில்லை.

‘கற்றாழை’யில் அவர் இன்னும் ஓர் அடி வைக்கிறார். நாயகியின் பெயர் மணிமேகலை. சோழநாட்டுக் கடற்கரைப் பட்டினத்தில் தாய்வழி வந்த தொழிலை உதறிவிட்டு, அமுதசுரபியோடு சிறைக்கூடத்தையே அறச்சாலையாக மாற்றிய அந்தப் பழைய காப்பியப் பெண்ணின் பெயர். இவளோ குடிகாரக் கணவனிடம் பட்டுப் பட்டுக் கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். கீதாவுக்கு நெய்வேலி எப்படியோ அப்படி இவளுக்குத் திருப்பூர். பூர்வீகம் கேட்காத ஊர். அங்கே தன்னைப்போல் விடப்பட்ட, விட்டுவந்த பெண்களோடு சேர்ந்து வாழ ஓர் இடத்தை உருவாக்கி, அதற்குக் கற்றாழை என்று பெயர் வைக்கிறாள். இந்த முடிவு கொஞ்சம் ஆசைப்பட்டு எழுதியது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கௌரிப் பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதும் ஆசைப்பட்டு எழுதியதுதான். அப்படி ஒரு பாட்டியை எழுதியவர் இருந்ததால்தான் எத்தனையோ வீடுகளில் பாட்டிகள் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் கற்றாழையை வேரோடு பிடுங்கி, வாசல் நிலைக்கு மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள், கண்ணேறு படாமலிருக்க. மண் இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சில வருஷம் கழித்து ஒரு நாள் அண்ணாந்து பார்த்தால் அது வளைந்து மேல்நோக்கித் திரும்பியிருக்கும். சில வீடுகளில் பூவும் விட்டிருக்கும்.